கயிறு, ஆறு மீட்டர்

கொள்முதல் படிவத்தில் கயிற்றுக்கு இடமில்லை.
கத்தரிக்கோல் உண்டு, கையுறை உண்டு,
பேறுகாலக் கட்டிலில் காலைக் கட்டும் தோல்வார் உண்டு,
ஜோடி ஜோடியாக.

"கயிறு எதற்கு டாக்டர்?"
"பிடித்துக்கொள்ள" என்றார் எல்மா கியூரோஸ்.

யுராக்மாயு சுகாதார நிலையம்,
கடலுக்கு மேலே மூவாயிரத்து அறுநூறு மீட்டர்.
பதினோரு வருடமாக இங்கே
பண்டகக் காப்பாளன் நான்.
பஞ்சு எத்தனை, பினாயில் எத்தனை என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
பெண்கள் ஏன் வருவதில்லை என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.

தெரியும்.
ஆண்டீஸ் பனி இறங்கும் அறையில் தகரக் கட்டில்.
பாவாடையைக் கழற்று. மல்லாந்து படு. வாயை மூடு.
எல்லாம் ஸ்பானிஷில்.
கெச்சுவா மட்டுமே தெரிந்தவளுக்கும்
அந்த மூன்று கட்டளை
மொழிபெயர்ப்பில்லாமல் புரிந்தது.

வீட்டில் பெற்றால் அபராதம்.
கட்டினால்தான் பிறப்புச் சான்றிதழ்.
ரசீது எழுதியவன் நான்.
என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.
பணமில்லாமல் ஒருத்தி கோழி கொண்டுவந்தாள்.
கோழிக்கு ரசீது கிடையாது என்றேன்,
கெச்சுவாவில்தான் சொன்னேன்.

என் மனைவி பெனிதா தலைச்சனை இங்கே பெற்றாள்.
இரண்டாவதை வீட்டில், முட்டிபோட்டு,
என் தோளைக் கவ்விக்கொண்டு.
அந்த அபராதத்தை நானே எழுதி நானே கட்டினேன்.
ரசீது எண் நானூற்றுப் பதினேழு.

இந்த டாக்டர் வந்தது மழை முடிந்த பிறகு.
மூன்று சாயங்காலம் பெண்களைக் கூப்பிட்டு
தரையில் உட்கார்ந்து கேட்டார்.
முதல் நாள் யாரும் பேசவில்லை.
இரண்டாம் நாள் பேறு பார்க்கும் பவுலினா கொய்யோ
விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்:
அறையில் அடுப்பு வேண்டும்.
என் துணி என் மேலேயே இருக்க வேண்டும்.
புருஷன் முதுகைத் தாங்க வேண்டும்.
உத்தரத்தில் கயிறு.
நஞ்சுக்கொடியை வாளியில் கொட்டாதே,
அதைப் புதைக்க எங்களுக்கு இடம் இருக்கிறது.

"ஊசி வேண்டாம் என்றா சொன்னேன்?
ரத்தம் நிற்காவிட்டால் போடு.
ஆம்புலன்ஸைக் கூப்பிடு, நானும் ஏறி வருகிறேன்.
அதுவரைக்கும்
நிற்க விடு."

படிவத்தில் எழுதினேன்:
'திரைச்சீலைக்கான துணைப்பொருள், ஆறு மீட்டர்.'
மாவட்ட அலுவலகம் திருப்பி அனுப்பியது.
'நோயாளிக்கான உடற்பயிற்சிச் சாதனம்' என்றேன்.
அதுவும் திரும்பியது.
ஞாயிற்றுச் சந்தையில் பதினெட்டு சோலுக்கு நானே வாங்கினேன்.
முடிச்சு தாங்குமா என்று
ஆளில்லாத நேரத்தில் தொங்கிப் பார்த்தேன்.
ஐம்பது வயதில் கால் தரையை விட்டு எழும்பியது.

முதலில் வந்தவள் எர்மெலிண்டா.
பண்டக அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்
ராத்திரி முழுக்க உத்தரம் முனகியது.
யாரும் யாரையும் அதட்டவில்லை.
பஞ்சை நான்கு தடவை எண்ணினேன்,
நான்கு தடவையும் வேறு வேறு கணக்கு.
விடியும்போது, பூனை போல ஒரு குரல்.

கொதிநீரில் அலசிய கயிறு இப்போது
கொல்லைக் கொடியில் காய்கிறது,
கயிற்றின் மேல் கயிறு.

லீமாவிலிருந்து வந்த தணிக்கையாளர்
பேரேட்டில் விரலை வைத்தார்.
"கயிறு. காலாவதித் தேதி?"
தெரியாது.
"தோல்வார் ஒரு ஜோடி குறைகிறதே?"
உருளைக்கிழங்கு மூட்டை கட்ட எடுத்தேன் என்றேன்.
எழுதிக்கொண்டார். சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

பிடிக்கட்டும்.
அபராதம் கட்டிய பெண்களுக்கு
இதுவரை யாரும் பணம் திருப்பித் தரவில்லை.
அதற்கும் படிவம் இல்லை.
பழைய அடிக்கட்டைகள் என்னிடம்தான் இருக்கின்றன,
பேர், தேதி, தொகை,
முத்து முத்தான கையெழுத்தில்.

கோழிக்காரி பேர் மட்டும் அதில் இல்லை.
சந்தையில் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன்,
முட்டை விற்கிறாள்.
இன்னும் கிட்டப் போகவில்லை.